கஞ்சிக் கிடாரத்தை எடுத்துவிட்டுச் சோடாப் பெட்டி வைத்த சபைக்கு

எங்கள் பிரதேச சபையின் தவிசாளருக்கும் உறுப்பினர்களுக்கும்,

ஐந்து கிழமைக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை, விடிய ஐந்தே முக்காலுக்கு ஓட்டோவைக் கொண்டுவந்து சந்தித் தரிப்பிடத்தில் நிறுத்தினேன். கஞ்சியக்கா வழக்கமாக இருக்கும் வேப்பமரத்தடியில் சுண்ணாம்பால் நீளக் கோடு போட்டிருந்தது. அவருடைய அடுப்புக்கல் மூன்றும் வாய்க்காலுக்குள் கிடந்தன. அக்கா சைக்கிளைப் பிடித்தபடி நின்றார். கரியரில் கிடாரம், கிடாரத்தின் வாயில் வாழையிலை, இலைக்கு மேல் பழைய சீலைத்துண்டு. உள்ளே 40 பேருக்கான இலைக்கஞ்சி ஆவி பறந்துகொண்டிருந்தது.

"நேற்றுப் பின்னேரம் வந்து எடுக்கச் சொல்லிப்போட்டினம் தம்பி. காய்ச்சினதை நான் என்ன செய்யிறது?"

நாங்கள் ஓட்டோக்காரர் ஏழு பேர் நின்ற நிலையில் ஆளுக்கு இரண்டு கோப்பை குடித்தோம். மிச்சத்தை அவர் வீட்டுக்குத் தள்ளிக்கொண்டு போனார். பக்கத்தில் கிழங்கும் பயறும் அவித்து விற்ற அம்மாவையும், செவ்விளநீர் வெட்டிய ஐயாவையும் அன்றைக்கே எழுப்பிவிட்டீர்கள். சந்தியை அழகுபடுத்துவதற்கு என்று சொன்னார்கள்.

இப்போது அந்த இடத்தில் நீங்கள் குத்தகைக்குக் கொடுத்த தகரக் கடை நிற்கிறது. சுற்றிவர ஒரு சோடாக் கம்பனியின் நிறம். கண்ணாடிப் பெட்டிக்குள் றோல்ஸ், பற்றிஸ், மீன் பணிஸ். பக்கத்தில் சுடுதண்ணி ஊற்றினால் வேகும் கோப்பை நூடில்ஸ். ஆள் உயரப் பிறிட்ஜ் ஒன்று இரவும் பகலும் லைற் எரிய நிற்கிறது. அந்தக் கடையின் பக்கச் சுவரில், சபையின் பெயரோடு ஒரு பதாகை: "உடல் எடையைக் குறைப்போம், தொற்றா நோய்களைத் தவிர்ப்போம்." திறப்பு விழா அன்று வந்தவர்களுக்குக் கேக்கும் சோடாவும் கொடுத்தீர்கள். அந்தப் பதாகைக்குக் கீழே வைத்து எனக்கும் ஒன்றை நீட்டினார்கள்.

எந்தச் சபை, எந்தச் சந்தி என்று நான் எழுதவில்லை. வாசிக்கும்போது உங்களுக்கே விளங்கும். அயலிலும் இப்படிச் செய்யப் பார்க்கிறார்கள் என்று காதில் விழுந்ததால்தான் உங்களுக்கு மட்டும் அனுப்பாமல் எல்லாரும் வாசிக்க எழுதுகிறேன்.

நான் டொக்டர் இல்லை. வயது 46. ஓ.எல். வரைக்கும் படித்தேன், 15 வருஷமாக ஓட்டோ ஓடுகிறேன். ஆனால் அந்தப் பதாகையில் நீங்கள் எழுதியிருப்பதைச் செய்து முடித்த ஆள் நான். 94 கிலோவாக இருந்தவன், 2025 மார்ச்சில் 78 ஆனேன். அதற்குப் பிறகு ஒரு வருஷம் 77க்கும் 79க்கும் இடையில் நின்றேன். எடை குறைந்தது பெரிய விஷயமில்லை. இந்த ஊரில் எடை குறைத்தவர்கள் நிறையப் பேர். குறைந்த எடை ஒரு வருஷம் திரும்பி வராமல் நின்றதே, அதுதான் விஷயம். அது எப்படி நின்றது என்று உங்களுக்குத் தெரிந்திருந்தால் அந்த மூன்று அடுப்புக்கல்லை வாய்க்காலுக்குள் தூக்கிப் போட விட்டிருக்கமாட்டீர்கள். அதனால் முழுக்கச் சொல்கிறேன், பொறுத்து வாசியுங்கள்.

ஓட்டோக்காரனின் வயிறு எப்படி வளரும் என்பதற்கு ஆராய்ச்சி தேவையில்லை. காலை ஆறு மணிக்குத் தரிப்பிடத்துக்கு வந்தால் இரவு எட்டு வரைக்கும் இருந்த இருப்பு. ஹயர் வராத நேரத்தில் அலுப்பு, அலுப்புக்கு ஒரு பிளேன்ரீ, பிளேன்ரீக்கு ஒரு கடி. ஹயர் வந்தால் சாப்பாட்டு நேரம் போய்விடும், அப்போது கைக்கு எது எட்டுதோ அது. 2022இல் பெற்றோல் வரிசையில் இரண்டு நாள், மூன்று நாள் என்று ஓட்டோவுக்குள்ளேயே சுருண்டு கிடந்த காலத்தில் எனக்குப் பணிஸும் சோடாவும்தான் மூன்று நேரமும். வரிசை முடிந்தது. பழக்கம் முடியவில்லை.

2023 தொடக்கத்தில் 88 கிலோ. அப்போது ஒரு மாப்பேணி வாங்கினேன். கம்பனிப் பெயர் வேண்டாம். மாதத்தில் பத்துக் கிலோ இறங்கும் என்றார்கள், 18,000 ரூபா. காலையும் இரவும் அந்த மாவைக் கரைத்துக் குடித்து, மத்தியானம் மட்டும் கொஞ்சம் சோறு. ஐந்து கிழமையில் 6 கிலோ போனது உண்மை. ஆனால் பின்னேரம் நாலு மணிக்குக் கை நடுங்கும். மனிசியோடு தேவையில்லாமல் எரிந்து விழுவேன். பேணி முடிந்த கிழமை ஒரு கொத்து ரொட்டிக் கடைக்குள் போய் இரண்டு கொத்துச் சாப்பிட்டுவிட்டு வெளியே வந்தேன், பசி அடங்கவில்லை. எட்டு மாதத்தில் 94. முதல் இருந்ததைவிட 6 கிலோ கூட. பட்டினி போட்ட உடம்பு செலவைச் சுருக்கிக்கொண்டு பசியைக் கூட்டும் என்று பிறகுதான் கிளினிக்கில் சொன்னார்கள். என்னுடைய சம்பாத்தியத்தில் 18,000 ரூபா கொடுத்துத்தான் அதைப் படித்தேன்.

அந்தக் கிளினிக்கில்தான் வெறும் வயிற்றில் எடுத்த சீனி 142 என்று வந்தது. 126க்கு மேல் போனால் சலரோகம். இன்னொரு தரம் எடுத்துப் பார்த்தும் அப்படியே. மருந்து தொடங்கினார்கள். டொக்டர் நாடாவால் இடுப்பை அளந்து 112 சென்ரிமீற்றர் என்று எழுதினார். எங்கள் இனத்து ஆம்பிளைக்கு 90க்குள் இருக்க வேண்டுமாம், பெண்களுக்கு 80. வெள்ளைக்காரனுக்கு வைத்த அளவு எங்களுக்குச் சரிவராது, எங்களுக்கு வயிற்றில் கொஞ்சம் கொழுப்புச் சேர்ந்தாலே சீனி வந்துவிடும் என்று விளக்கினார். "பத்துக் கிலோவை நினையாதேங்கோ. உங்கட எடையில நூற்றுக்கு ஐந்து குறைஞ்சாலே வித்தியாசம் தெரியும். ஆறுதலாக் குறையுங்கோ" என்றார். நூற்றுக்கு ஐந்து என்றால் எனக்கு 4.7 கிலோ. ஆறுதலாக என்ற அந்தச் சொல்தான் எனக்குப் பிடித்தது.

வீட்டுக்குப் போய் மகளிடம் சொன்னேன். அவள் ஏ.எல். உயிரியல் படிக்கிறாள். ஓட்டோவுக்குள் கிடந்த 400 மில்லிலீற்றர் சோடாப் போத்தலை எடுத்துவந்து மேசையில் வைத்தாள். லேபிளில் ஒரு சிவப்பு வட்டம். 2016இலிருந்து இலங்கையில் விற்கும் குளிர்பானப் போத்தல்களில் போடச் சொல்லிச் சட்டம் உண்டு. 100 மில்லிலீற்றருக்கு 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு, 2இலிருந்து 11 வரை செம்மஞ்சள், 2க்குக் கீழ் பச்சை. ஏழு வருஷமாக அந்த வட்டத்தைப் பெருவிரலால் மறைத்துப் பிடித்துக் குடித்திருக்கிறேன். அவள் தாயின் கேக் தராசில் ஒரு காலிக் கோப்பையை வைத்து, 44 கிராம் வரும் வரைக்கும் சீனியைக் கொட்டினாள். கோப்பையின் கால்வாசி நிறைந்தது. "இது ஆகக் குறைஞ்ச கணக்கு அப்பா. ஒரு நாளைக்கு எத்தினை குடிக்கிறியள்?"

இரண்டு. அதோடு ஐந்து தேத்தண்ணி, ஒவ்வொன்றுக்கும் மூன்று கரண்டி. அவள் கொட்டிக்கொண்டே போனாள். கோப்பை முக்கால்வாசிக்கு மேல் வந்துவிட்டது. மாதக் கணக்குப் போட்டால் நாலு கிலோவுக்கு மேல். நாலு கிலோ சீனிப் பையைக் கடையிலிருந்து தூக்கிவந்தால் கை உளையும், அதை நான் மாதா மாதம் வயிற்றுக்குள் கொண்டு திரிந்திருக்கிறேன். உலகச் சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு 50 கிராமுக்குள் நிற்கச் சொல்கிறது, முடிந்தால் 25க்குள். மனிசி அந்தக் கோப்பைச் சீனியைத் திரும்பப் போத்தலுக்குள் போடும்போது ஒன்றும் பேசவில்லை. பேசியிருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

அதற்குப் பிறகு செய்தது பெரிய வித்தை இல்லை. முதல் மாதம் குடிப்பதை மட்டும் மாற்றினேன். சோடாவை விட்டேன். தேத்தண்ணிக்குச் சீனி மூன்று கரண்டியிலிருந்து இரண்டு, பத்து நாளில் ஒன்று, பிறகு வெறும் இஞ்சிப் பிளேன்ரீ. ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு துண்டு பனங்கட்டி கடிப்பேன். பனங்கட்டியும் சீனிதான், பனையில் இருந்து வந்தது என்பதற்காக அது வயிற்றுக்குள் போய்ப் பாவமன்னிப்புக் கேட்காது. இரண்டாம் மாதம் இரவுச் சாப்பாட்டைப் பத்து மணியிலிருந்து ஏழரைக்குக் கொண்டுவந்தேன், கொத்து மாதம் ஒரு தடவை. மூன்றாம் மாதம் மத்தியானம்: மனிசி கட்டித்தரும் பார்சலில் சிவப்பரிசிச் சோற்றைப் பாதியாக்கி, அந்த இடத்துக்கு முருங்கையிலை வறையும் ஏதாவது ஒரு மரக்கறியும் மீனும். புட்டை நான் விடவில்லை. யாழ்ப்பாணத்தில் புட்டை விடச் சொல்லுகிறவனை நம்பாதீர்கள். வெள்ளை மாப் புட்டு குரக்கன் புட்டானது, இரண்டு நீத்துப்பெட்டி ஒன்றானது. கலியாண வீட்டுக்குப் போனால் இலையில் போட்டதைச் சாப்பிடுவேன், அடுத்த நாள் வழக்கத்துக்குத் திரும்பிவிடுவேன். பின்னேரத்தில் அரை மணித்தியாலம் நடந்தேன்தான், ஆனால் எடை போனது நடையால் இல்லை, சாப்பாட்டால்.

எல்லாவற்றிலும் கஷ்டமாக இருந்தது காலைச் சாப்பாடு. ஐந்து மணிக்கு எழும்பி ஐந்தரைக்கு வெளிக்கிடுகிறவனுக்கு வீட்டில் யார் சமைப்பது? மனிசி தும்புத் தொழிற்சாலைக்கு ஆறரைக்குப் போக வேண்டும், அதற்குள் பிள்ளைக்குச் சாப்பாடு, எனக்கு மத்தியானப் பார்சல். காலையையும் அவளின் தலையில் கட்ட எனக்கு மனமில்லை. அந்த ஒரு நேரத்தைக் கஞ்சியக்கா தாங்கினார்.

அவர் மூன்று மணிக்கு எழும்பி வல்லாரை, பொன்னாங்காணி, முசுட்டை, தவசி முருங்கை என்று வேலியிலும் தோட்டத்திலும் ஆய்ந்ததை அம்மியில் அரைத்துச் சாறு பிழிவார். சிவப்பரிசியை வேகவைத்து, கொஞ்சம் தேங்காய்ப்பால் விட்டு, சாற்றைக் கடைசியில்தான் ஊற்றுவார்; முன்னமே ஊற்றினால் பச்சை நிறம் மாறிக் கறுத்துவிடும் என்பார். சிரட்டை அகப்பையால் அடியிலிருந்து ஒருதரம் கலக்கி, கோப்பையில் ஊற்றி, உப்புப் பார்த்து, அரைத் தேசிக்காயைப் பிழிந்து தருவார். 70 ரூபா. பக்கத்து அம்மாவிடம் தேங்காய்ச் சொட்டுப் போட்ட ஒரு சுருள் பயறோ கடலையோ. இரண்டையும் சாப்பிட்டுவிட்டு ஓட்டோவில் ஏறினால் பன்னிரண்டு வரைக்கும் வயிறு கேட்காது. இரண்டு றோல்ஸும் சோடாவும் எடுத்த காலத்தில் ஒன்பதரைக்கே கேட்டுவிடும். கஞ்சியில் மந்திரம் ஒன்றும் இல்லை, அதை மருந்து என்று சொல்லவும் மாட்டேன். தண்ணியும் இலையும் தவிடு போகாத அரிசியும் ஆறுதலாகச் சமிக்கும், பயறைச் சப்ப நேரம் எடுக்கும், அவ்வளவுதான்.

இதையே அமெரிக்காவில் தேசிய சுகாதார நிறுவகத்தில் பரிசோதித்துப் பார்த்து 2019இல் வெளியிட்டிருக்கிறார்கள் என்று மகள் வாசித்துக் காட்டினாள். 20 பேரை உள்ளேயே தங்கவைத்து, இரண்டு கிழமை தொழிற்சாலை உணவு, இரண்டு கிழமை வீட்டுச் சமையல் மாதிரியான உணவு. இரண்டிலும் வைத்த சீனி, கொழுப்பு, உப்பு, நார் எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவு. விரும்பிய மட்டும் சாப்பிடலாம். தொழிற்சாலை உணவு எடுத்த நாட்களில் அவர்கள் ஒரு நாளைக்கு 500 கலோரி கூடச் சாப்பிட்டார்கள், விரைவாகவும் சாப்பிட்டார்கள். இரண்டு கிழமையில் 0.9 கிலோ ஏறியது. மற்ற இரண்டு கிழமையில் அதே அளவு இறங்கியது. யாரும் அவர்களுக்கு மனக்கட்டுப்பாட்டைப் பற்றிப் பிரசங்கம் வைக்கவில்லை. கண்ணுக்கு முன்னால் வைத்த தட்டுத்தான் மாறியது.

மனக்கட்டுப்பாடு என்ற சொல்லை நான் சும்மா இழுக்கவில்லை. உங்களில் ஒருவர் மூன்று கிழமைக்கு முன் என்னுடைய ஓட்டோவில் வந்தார். ஆள் நல்லவர், ஹயர் காசில் மிச்சம் வாங்குவதில்லை. நான் கடையைப் பற்றிக் கதை எடுத்தேன்.

"அண்ணை, உங்களை ஒருத்தரும் சோடா குடிக்கச் சொல்லேல்லையே. மனக்கட்டுப்பாடு வேணும். வீட்டில சாப்பிட்டிட்டு வாங்கோவன்" என்றார்.

"சேர், அப்ப அந்தப் பதாகை எதுக்கு? மனக்கட்டுப்பாடு இருக்கிறவனுக்கு அது தேவையில்லை, இல்லாதவனுக்குப் பக்கத்தில பிறிட்ஜ் வைச்சிருக்கிறியள்" என்றேன். சிரித்தார். இறங்கும் இடம் வந்துவிட்டது.

அவருக்கு அன்று சொல்ல முடியாமல் போனது இது. எங்கள் தரிப்பிடத்தில் என்னைப் பார்த்துப் பார்த்து ஆறு பேர் காலையில் கஞ்சிக்கு மாறியிருந்தார்கள். நான் ஒருவரிடமும் போய்ச் சொல்லவில்லை. கண்ணுக்கு முன்னால் கிடாரம் இருந்தது, விலை றோல்ஸைவிடக் குறைவு, மாறினார்கள். அக்காவை எழுப்பி ஐந்து கிழமை. இப்போது ஆறில் நாலு பேர் திரும்ப அந்தக் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நிற்கிறார்கள். ஒருவர் வீட்டிலிருந்து பாண் கொண்டுவருகிறார். ஒருவர் ஒன்றும் சாப்பிடாமல் இருந்து பத்து மணிக்கு இரண்டு பங்காகச் சாப்பிடுகிறார். நான்? நான் ஒவ்வொரு ஞாயிறும் பாமசித் தராசில் ஏறி ஓட்டோவுக்குள் இருக்கும் கொப்பியில் எழுதுகிறவன். கடைசியாக எழுதியது 79.8. இரண்டரை வருஷம் படிப்படியாகப் பழகிய ஆளுக்கே ஐந்து கிழமையில் இப்படி. வீட்டில் இரவே கடலை ஊறப்போட்டு அவித்துக் கொண்டுவரத் தொடங்கியிருக்கிறேன், மாதத்தில் பாதி நாள் மறந்துபோகிறது.

அடுத்த தெருவில் ரியூசன் வகுப்பு நடக்கும் ரியூட்டரி இருக்கிறது. பள்ளிக்கூடம் விட்டு நேரே வரும் பிள்ளைகள் ஆறு மணி வரைக்கும் அங்கே. பள்ளிக்கூடச் சிற்றுண்டிச்சாலையில் எது விற்கலாம் எது கூடாது என்று கல்வி அமைச்சின் சுற்றறிக்கை உண்டு. அந்தச் சுற்றறிக்கை படலையோடு நின்றுவிடுகிறது. படலைக்கு வெளியே இருப்பது உங்கள் அதிகாரத்துக்கு உட்பட்ட நிலம். மூன்று மணிக்கு வந்து பாருங்கள், கோப்பை நூடில்ஸுக்குச் சுடுதண்ணி ஊற்ற வரிசை நிற்கும்.

உங்கள் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். அக்கா கோப்பை கழுவியது ஒரே வாளித் தண்ணியில். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் அதைச் சொன்னது சரி. நானே ஒருமுறை முகம் சுளித்து, பிறகு வீட்டிலிருந்து என் கோப்பையைக் கொண்டுவந்தேன். கஞ்சிக்கு மூடி இல்லை, றோட்டுப் புழுதி விழும் என்றதும் சரி. ஆனால் அக்கா ஒரு குழாய் கேட்டுச் சபைக்கு மூன்று தரம் கடிதம் கொடுத்தவர். மூன்றையும் எழுதியது என் மகள்தான், அதனால் எனக்குத் தெரியும். பதில் வரவில்லை. அதே மரத்தடிக்கு, தகரக் கடை வந்த மூன்றாம் நாள் குழாயும் வந்தது, கரண்டும் வந்தது. குழாய் போட முடியாத இடம் என்று ஒன்றும் இல்லை, அப்படித்தானே?

ஆகக்கூடிய கூறுவிலை கொடுத்தவருக்குத்தான் குத்தகை, அது நடைமுறை என்றும் சொன்னார்கள். சரி. மூன்று மணிக்கு எழும்பி இலை ஆய்கிறவர் சோடாக் கம்பனியின் பிறிட்ஜும் பெயின்றும் இலவசமாகப் பெற்றவரோடு கூறுவிலையில் போட்டி போட முடியாது. அந்த நடைமுறையை வைத்துக்கொண்டு எந்தக் காலத்திலும் உங்கள் சந்தியில் கஞ்சி வராது. சபைக்கு அந்தக் குத்தகையில் வருமானம் கூடுகிறது. சலரோக மருந்துக்கான செலவு சபையின் கணக்கில் வருவதில்லை, அது ஆசுப்பத்திரியின் கணக்கிலும் எங்கள் வீட்டுக் கணக்கிலும் வருகிறது.

சபை மனம் வைத்தால் செய்யலாம் என்பதற்குத் தூரத்துக்குப் போகத் தேவையில்லை. திருநெல்வேலியில் மாகாண விவசாயத் திணைக்களம் நடத்தும் அம்மாச்சி உணவகத்தைப் பாருங்கள். பெண்கள் எங்கள் கண்ணுக்கு முன்னாலேயே சமைக்கிறார்கள், தலையில் தொப்பி, கையில் உறை. அரசாங்கம் இடமும் குழாயும் கொடுத்தது, சமையல் அவர்களுடையது. மத்தியானத்தில் போனால் ஓட்டோ நிறுத்த இடம் கிடைக்காது.

எங்கள் ஆட்கள் சோடாவில் ஏன் இப்படி மயங்கினார்கள் என்று எனக்கு விளங்காமல் இல்லை. 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு யுத்தத்தால் இடம்பெயர்ந்து வலிகாமத்திலிருந்து தென்மராட்சிக்கு நடந்த சனத்தில் நானும் ஒருவன், 16 வயது. அந்தக் காலத்தில் சீனி இல்லை, சவர்க்காரம் இல்லை, பற்றரி இல்லை. சொந்தக்காரர் வீட்டில் எங்கிருந்தோ வந்த ஒரு சோடாப் போத்தலை ஐந்து பேர் பங்கிட்டுக் குடித்தது இன்னும் நாக்கில் இருக்கிறது. வீட்டுக்கு வந்தவருக்குச் சோடா உடைத்துக் கொடுப்பதுதான் மரியாதை என்ற பழக்கம் அதற்குப் பிறகு இன்னும் இறுகிப்போனது. அதனால் யாராவது "அந்த நாளில ஒருத்தருக்கும் வண்டி இல்லை, இயற்கைச் சாப்பாடு" என்று பெருமை பேசினால் எனக்குக் கோபம் வரும். அந்த மெலிவு பசி மெலிவு. அதைத் திரும்பக் கேட்கிறவன் அல்ல நான். ஒடியலும் கருவாடும் மோர்மிளகாயும் பதப்படுத்திய உணவுதான், பாட்டிமார் கெட்டுப்போகாமல் இருக்கப் பதப்படுத்தினார்கள். பிறேசிலில் கார்லோஸ் மொன்தெய்ரோ என்ற ஆய்வாளரின் குழு உணவுகளைப் பிரித்து வகுத்ததும் இப்படித்தானாம்: வீட்டுக் குசினியில் இல்லாத சாமான்களைக் கூட்டித் தொழிற்சாலை செய்வதைத் தனியாக ஒதுக்கினார்கள். நான் இப்போது ஒரு பக்கற்றை வாங்குமுன் பின்பக்கத்தைத் திருப்பி, இதில் எழுதியிருப்பதில் எத்தனை எங்கள் குசினியில் இருக்கிறது என்று பார்ப்பேன். அநேகமாகத் திருப்பி வைத்துவிடுவேன்.

போன மாதக் கிளினிக்கில் சீனி 108. டொக்டர் மருந்தைப் பாதியாக்கினார். நானாக ஒரு குளிசையையும் நிறுத்தவில்லை. இடுப்பு 97, இன்னும் ஏழு சென்ரிமீற்றர் போக வேண்டும். இந்த வயதில் முழங்கால் நோ இல்லாமல் ஓட்டோவுக்குக் கீழே குனிந்து சில்லுக் கழற்றுகிறேன். இதைத் திரும்ப இழக்க நான் தயாரில்லை. 2025 மே 6ஆம் திகதி உள்ளூராட்சித் தேர்தலில் வரிசையில் நின்று உங்களில் ஒருவருக்குப் புள்ளடி போட்டவன் என்ற உரிமையோடு கேட்கிறேன்.

கஞ்சியக்காவுக்கும் மற்ற இருவருக்கும் அதே வேப்பமரத்தடியில், காலை ஐந்தரையிலிருந்து ஒன்பதரை வரைக்கும், ஏலத்தில் விடாமல் நாள் வாடகைக்கு இடம் கொடுங்கள். ஏற்கெனவே போட்ட குழாயிலிருந்து ஒரு கிளை இழுத்து, கை கழுவவும் கோப்பை கழுவவும் ஒரு தொட்டி கட்டுங்கள். கிடாரத்துக்கு மூடி, கைக்கு உறை, மருத்துவச் சான்றிதழ் என்று பொதுச் சுகாதாரப் பரிசோதகர் எதைக் கேட்டாலும் கேட்கட்டும், அதற்கு ஒரு மாத அவகாசம் கொடுங்கள். மூவரும் செய்வார்கள். முதல் செலவுக்கு நாங்கள் ஓட்டோக்காரர் காசு சேர்த்து வைத்திருக்கிறோம்.

தகரக் கடையை உடைக்கச் சொல்லவில்லை, அங்கேயும் ஒரு குடும்பம் பிழைக்கிறது. அடுத்த குத்தகைக் கேள்விப் பத்திரத்தில் நிபந்தனை போடுங்கள்: கம்பனி நிறமும் கம்பனிப் பிறிட்ஜும் கூடாது, சிவப்பு வட்டம் உள்ள குடிபானங்கள் முன் தட்டில் வேண்டாம், அவித்த தானியமும் கதலி வாழைப்பழமும் குடிதண்ணியும் கட்டாயம் இருக்க வேண்டும். நீர்வேலி வாழைக்குலை இங்கே வர இருபது நிமிடம். கூறுவிலைக்கு மட்டும் புள்ளி போடாமல் என்ன விற்கப்போகிறார்கள் என்பதற்கும் புள்ளி போடுங்கள். ரியூட்டரி இருக்கும் தெருவுக்கும் இதே நிபந்தனை.

அந்தப் பதாகையை அந்தச் சுவரிலிருந்து நாளைக்கே கழற்றுங்கள். இதற்குத் தீர்மானமோ பணமோ தேவையில்லை, ஓர் ஏணி போதும்.

சபை அமர்வில் உங்களுக்கு வைக்கும் பற்றிஸையும் சோடாவையும் நிறுத்தி, மாதம் ஒருதரம் அக்காவிடம் கஞ்சிக்கு ஓடர் கொடுங்கள். 70 ரூபா.

மரத்தடி வியாபாரிகளை எழுப்பிய தீர்மானத்தின் கூட்ட அறிக்கையையும் குத்தகை ஒப்பந்தத்தின் பிரதியையும் கேட்டு, 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் உங்கள் தகவல் அலுவலரிடம் திங்கட்கிழமை விண்ணப்பம் கொடுத்திருக்கிறேன். தருவதா இல்லையா என்று சொல்ல அவருக்கு 14 வேலை நாட்கள் உண்டு. இந்த மடலுக்கான பதிலையும் அதே நாட்களுக்குள் எழுத்தில் தாருங்கள். வாயால் சொல்ல வேண்டாம், மூன்று கடிதத்துக்கும் வாயால்தான் "பார்ப்பம்" என்றீர்கள்.

அடுத்த அமர்வுக்குப் பார்வையாளராக நான் வருவேன். அக்காவையும் ஏற்றிக்கொண்டு வருகிறேன்.

இப்படிக்கு,
சந்தித் தரிப்பிடத்தில் மூன்றாவதாக நிற்கும் ஓட்டோவின் சாரதி